கொலுசு கறுக்காவிட்டால் காளான் நல்லதா?

கேள்வி: ஐயா, நான் சென்னையில் வளர்ந்தவள். கல்யாணமாகி 6 வருடமாகக் கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மழை விழுந்தால் போதும், என் மாமியார் விடியற்காலையிலேயே கூடையோடு கிளம்பி, வேலியோரப் புற்றிலிருந்து புத்துக்காளான் கொண்டுவருவார். அதைச் சாப்பிட்டு இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. போன ஐப்பசியில் என் கணவர், தான் வேலை பார்க்கும் மில்லின் புல்தரையிலிருந்து ஒரு பை நிறையக் காளான் கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில்கள். அத்தை பார்த்துவிட்டு, "இது நம்ம காளான் மாதிரி இல்லையே" என்றார். பிறகு அவரே என் வெள்ளிக் கொலுசைப் போட்டு வேகவைத்துப் பார்த்தார். கறுக்கவில்லை. மஞ்சள்தூளும் நிறம் மாறவில்லை. சரி என்று சமைத்தேன். அத்தைக்குச் சஷ்டி விரதம், சாப்பிடவில்லை. மகன் அதற்குள் தூங்கிவிட்டான். எனக்கும் கணவருக்கும் 2 மணி நேரத்தில் பிடித்த வாந்தி விடியும்வரை நிற்கவில்லை. இப்போது கோடை மழை ஆரம்பித்துவிட்டது, அத்தை மறுபடியும் கூடையை எடுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல காளானா என்று வீட்டிலேயே பார்க்க உருப்படியான சோதனை எது? எப்படிச் சமைத்தால் விஷம் போகும்? அப்புறம், மெல்போர்னில் இருக்கும் என் கொழுந்தனார் பூங்காவில் மரத்தடிக் காளானைப் படமெடுத்து அனுப்பி, "வைக்கப்போர்க் காளான் மாதிரியே இருக்கு, சமைக்கலாமாம்மா?" என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் சொன்னால் நல்லது. (பெயர் வேண்டாம், கோபி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். இதைப் படித்த கையோடு கொழுந்தனாருக்குப் போன் போடுங்கள். அந்தக் காளானைச் சமைக்க வேண்டாம். பறித்து வைத்திருந்தால் குப்பையில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார் என்றால், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. மெல்போர்னிலும் கான்பெராவிலும் ஓக் மரங்களின் அடியில் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற காளான் முளைக்கிறது. அந்த ஊரில் டெத் கேப் என்பார்கள். ஐரோப்பாவிலிருந்து மரக்கன்று கொண்டுபோனபோது வேரோடு ஒட்டிக்கொண்டு போன சங்கதி. மொட்டாக இருக்கும்போது முட்டைபோல் இருக்கும். விரிந்தபின் காம்பின் அடியில் அந்த முட்டைத்தோல் ஒரு பைபோல நிற்கும். நம் வைக்கோல் காளானும் இதேபோல முட்டையாகத்தான் தொடங்கும், விரிந்தபின் அதற்கும் அடியில் பை உண்டு. வினை அங்கேதான். கான்பெராவில் 2011 டிசம்பர் 31 அன்று இரவு விருந்தில் இதைச் சாப்பிட்டு இரண்டு பேர் சில நாட்களில் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சமைத்தவர் சீனாவிலிருந்து போன சமையற்காரர், இறந்தவர்களில் அவரும் ஒருவர். தொழிலே சமையல்! கையில் எடுத்து, கத்தியால் நறுக்கி, வாணலியில் வதக்கியவருக்கே தெரியவில்லை என்றால், வாட்ஸாப் படத்தைப் பார்த்துக் கோபியிலிருந்து எப்படிச் சொல்வது? நானும் சொல்லமாட்டேன். காளான் ஆராய்ச்சியிலேயே 30 வருடம் இருந்திருக்கிறேன், ஒரு படத்தை நம்பி 'சாப்பிடு' என்று யாருக்கும் எழுதியதில்லை.

இனி உங்கள் ஐப்பசிக் கதைக்கு வருகிறேன். புல்தரை, தட்டு அகலக் குடை, வெள்ளைமேல் பழுப்புச் செதில், 2 மணி நேரத்தில் வாந்தி. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் நீங்கள் சாப்பிட்டது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற காளானாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனது சொல்கிறது. மழைக்குப்பின் புல்தரை, விளையாட்டு மைதானம், கோயில் நந்தவனம் எங்கும் முளைக்கும். பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு இது நன்றாகவே பழக்கம், நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. விடுதி மைதானத்தில் வெள்ளை வெளேரென்று பத்துப் பன்னிரண்டு குடைகள். தாவர நோயியல் படித்துப் பட்டம் வாங்கிய திமிர் வேறு. புத்தகத்தில் பார்த்த ஐரோப்பிய உணவுக்காளானின் படம் மனதில் இருந்தது. காம்பில் வளையம் இருக்கிறதா, இருக்கிறது. மேலே செதில் இருக்கிறதா, இருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முட்டையோடு பொரித்துச் சாப்பிட்டோம். ருசி பிரமாதம், அதை மறைத்துப் பயனில்லை. சினிமாவுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது முதல் ஆள் குளியலறைக்கு ஓடினான். அன்று இரவு நாலு பேருக்கும் சேர்த்து எத்தனை பாட்டில் குளுக்கோஸ் ஏறியது என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் அறைக்குத் திரும்பியபோது, சமைக்காமல் மேசையில் விட்டுப்போன ஒரு குடை நோட்டுப் புத்தகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் தாளில் பாசிப்பச்சையாய் ஒரு வட்டம், குடையின் அடியில் விசிறிபோல இருக்கும் ஏடுகள் அச்சு எடுத்ததுபோல. அந்த ஐரோப்பியக் காளானின் ஏடுகளிலிருந்து உதிரும் விதைத்தூள் வெள்ளை. பச்சைத் தூள் கொட்டுவது இந்தக் காளான்தான். ஒரே ஒரு இரவு பொறுத்திருந்தால் அதே தாள் எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கும். இந்தக் காளான் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. குடலைப் புரட்டிவிட்டு விட்டுவிடும். ஆனால் சின்னப் பையனுக்கு அந்த அளவு வாந்தியும் பேதியும் போனால் நீர்ச்சத்து இறங்கி ஆபத்தாகிவிடும். அவன் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கியது உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, சோதனைகள். உங்கள் கொலுசு கறுக்கவில்லை, மஞ்சளும் மாறவில்லை, இருந்தும் விடியவிடிய வாந்தி. இதற்குமேல் நான் என்ன சாட்சி கொண்டுவர முடியும்?

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையோடு கொலுசைப் போட்டுவையுங்கள், கறுக்கும். முட்டை விஷமா? காளானில் இருக்கும் நச்சுகளுக்கும் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மஞ்சள் சிவப்பது காரத்தன்மையால். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அவ்வளவுதான் விஷயம். காளான் நச்சு சுண்ணாம்பு அல்ல. பூண்டு நீலமானால் விஷம் என்பது, புழு தின்ற காளான் மனிதனுக்கும் நல்லது என்பது, தோல் உரிந்து வந்தால் நல்லது என்பது, கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தால்தான் கெட்டது என்பது எல்லாமே இதே கணக்குதான். அந்த டெத் கேப்பை நத்தையும் புழுவும் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். அதில் கண்ணைப் பறிக்கும் நிறமும் இல்லை; வெளிறிய மஞ்சள் பச்சை, சில நேரம் சுத்த வெள்ளை. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் அது ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, நாக்கையும் நம்ப முடியாது.

எல்லாக் காளானுக்கும் பொதுவான ஒரு வீட்டுச் சோதனை கிடையாது. இருக்கவும் வழியில்லை. ஏனென்றால் காளான் விஷம் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. ஒன்று குடலைத் தாக்கும், இன்னொன்று சிறுநீரகத்தை, இன்னொன்று கல்லீரலை, வேறொன்று மூளையை. கொடைக்கானலில் சில பையன்கள் தேடி அலைகிறார்களே, அந்தப் போதைக்காளானும் இந்தக் கடைசி வகைதான். போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடுகிற சமாச்சாரமும்கூட. இத்தனை நச்சுக்கும் ஒரே கொலுசு எப்படிப் பதில் சொல்லும்?

சமைத்தால் போகுமா என்று கேட்டீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் அமாடாக்சின் கொதிநீருக்கு அசையாது. வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினாலும், வெயிலில் காயவைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தாலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மிச்சம் நிற்கும். ஒரு நடுத்தரக் காளானே ஒரு பெரிய ஆளுக்குப் போதும். 2022 ஏப்ரலில் அசாமில் சில நாட்களுக்குள் 13 பேர் காட்டுக்காளான் சாப்பிட்டு இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களும் பச்சையாக உண்ணவில்லை, வழக்கம்போலக் கறி சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

இந்த விஷத்தின் நடத்தை வேறு மாதிரி என்பதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வந்ததுபோல 2 மணி நேரத்தில் வராது. 6 முதல் 12 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரம்கூட ஒன்றுமே இருக்காது. மதியம் சாப்பிட்டதற்கு நடுராத்திரி வாந்தியும் பேதியும் தொடங்கும். எதனால் என்று யாருக்கும் தோன்றாது, இரவில் தின்ற தோசைமேல் பழி விழும். அடுத்த நாள் தானாகவே நின்றுவிடும். 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று எழுந்து நடமாடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். மூன்றாம் நாள், நாலாம் நாள் கண் மஞ்சளாகும்போது, கல்லீரலையே மாற்ற வேண்டிய கட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

அதனால் காளான் சாப்பிட்டபின் எப்போது வாந்தி வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 6 மணி நேரம் கழித்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சீக்கிரம் வந்தால் ஆபத்தில்லை என்றும் நினைக்காதீர்கள். ஒரே கூடையில் இரண்டு வகை கலந்திருக்கலாம். சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், வாந்தி எடுக்காதவர்களும்தான். உப்புக்கரைசல் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைப்பது, மோர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். மிச்சமிருக்கும் குழம்பையும் சமைக்காத காளானையும் கையோடு எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்ற இரண்டு நேரத்தையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறக்கலாம்.

இவ்வளவும் படித்தபின் அத்தையின் கூடையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரியில் என் கண் நின்றது. அத்தை அந்தக் காளானைப் பார்த்ததும், "இது நம்ம காளான் மாதிரி இல்லையே" என்றார். அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்த சரியான சோதனை அது ஒன்றுதான். அதோடு நின்றிருக்க வேண்டும். கொலுசு வந்து அவருடைய கண்ணைப் பொய்யாக்கிவிட்டது.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு காளான். அதுவும் அவருடைய வேலியோரத்தில், இன்ன புற்றில், இன்ன மழைக்குப் பிறகு வருவது. அந்த அறிவு பொய் இல்லை. 40, 50 வருடமாக அந்தக் குடும்பம் சாப்பிட்டு வருகிறதே. ஆனால் அந்த அறிவு அந்த வேலியைத் தாண்டாது. மில் வளாகத்துக்கு வராது, மெல்போர்னுக்கு நிச்சயம் வராது. நான் கொல்லிமலையிலும் குமரி மாவட்டத்திலும் காளான் பறிக்கும் பெண்களோடு நடந்திருக்கிறேன். அவர்கள் எதைப் பறிக்கிறார்கள் என்பதை விட, எதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பாட்டியிடம், தாண்டிப்போன ஒன்றைக் காட்டி, இது விஷமா என்று கேட்டேன். "தெரியாது சாமி, அதனாலதான் தொடல" என்றார்.

அடுத்த மழைக்கு அத்தையோடு நீங்களும் போங்கள். கையில் ஒரு களைக்கொத்து, ஒரு நீளக் குச்சி. புற்றென்றால் பாம்பும் இருக்கும். குச்சியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கிட்டப் போங்கள். அத்தை காட்டும் காளானில் ஒன்றைப் பிடுங்காமல், பக்கத்து மண்ணை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். காம்பு மண்மட்டத்தில் முடியாது. வேர்போல மெலிந்து மெலிந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒரு சாண், சில நேரம் ஒரு முழம்கூடப் போகும். அதன் நுனியில், மூளைபோல மடிப்பு மடிப்பான பழுப்பு நிற அடை ஒன்று கையில் உதிரும். அதில் கடுகளவுக்கு வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்கும்.

அதுதான் கரையானின் தோட்டம். உதிர்ந்த இலையையும் காய்ந்த மரத்தையும் கரையான் தின்றாலும் அதைத் தானாக முழுக்கச் செரிக்க முடியாது. அரைகுறையாகச் செரித்ததைக் கொண்டுபோய் அடையாகக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சணத்தை வளர்த்து, பூஞ்சணம் பக்குவப்படுத்தியதைத் திரும்பத் தின்கிறது. இந்தக் கூட்டுப் பயிர் சுமார் 3 கோடி வருடமாக நடக்கிறது. மழைக்காலத்தில், ஈசல் பறக்கும் பருவத்தை ஒட்டி, அந்தப் பூஞ்சணம் மண்ணைப் பிளந்துகொண்டு குடையாக வெளியே வருகிறது. அதனால்தான் குடையின் நடு உச்சியில் பம்பரத்து ஆணிபோல ஒரு கெட்டியான கூர் இருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள், மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்கும், அது மட்டும் உறைக்கும். போன வருடம் வந்த இடத்திலேயே இந்த வருடமும் வருவதும் இதனால்தான். கீழே குடியிருப்பவர்கள் வீடு மாறவில்லை. கரையான் இல்லாமல் இதை லாபகரமாக வளர்க்க இதுவரை யாருக்கும் கைவரவில்லை. எங்கள் துறையில் எத்தனையோ பேர் முயன்று ஓய்ந்தாயிற்று.

இதற்கு விஞ்ஞானப் பெயர் டெர்மிட்டோமைசிஸ். இதில் பல வகை. டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979-இல் விவரித்து எழுதினார். அத்தைகள் அதற்குப் பல தலைமுறை முன்பே குழம்பு வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. புற்றில் முளைத்ததெல்லாம் புத்துக்காளான் ஆகாது. புற்று மண்ணில் வேறு காளான்களும் வரும். அடியில் பையோ உறையோ இருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணுக்குள் வால் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அரிசியை இறைத்ததுபோலக் கூட்டமாக முளைக்கும் குட்டிக் காளான்களிலும் கரையான் வளர்த்த நல்ல வகை ஒன்று உண்டு. ஆனால் அதற்கு அந்த நீள வால் இல்லை, ஏமாற வாய்ப்பு அதிகம். இந்த வருடம் அது வேண்டாம். மொட்டை மட்டும் தனியாகப் பறிக்காதீர்கள், கூட்டத்தில் விரிந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள், அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், யானை வேறு.

வீட்டுக்கு வந்ததும் கூடையிலிருந்து ஒரு குடையை எடுத்துக் காம்பை நறுக்கிவிட்டு, ஏடுகள் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடிவையுங்கள். காலையில் வைத்தால் சாயந்திரத்துக்குள் தூள் உதிர்ந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைத்தாளில் தெரியாது, அதனால் பாதிக்குக் கறுப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். புத்துக்காளான் இளஞ்சிவப்பாக, லேசான சந்தன நிறம் கலந்து பதியும். அமானிட்டா வெள்ளை. மில் காளான் பச்சை. இதைக் கொலுசின் இடத்தில் வைத்துவிடாதீர்கள். இளஞ்சிவப்புத் தூள் கொட்டும் விஷக்காளான்களும் இருக்கின்றன. வெள்ளையோ பச்சையோ வந்தால் கூடை முழுவதும் குப்பைக்கு. இளஞ்சிவப்பு வந்தால், அத்தையின் கண்ணும் மண்ணுக்குள் இறங்கிய வாலும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று இடறினாலும் அன்றைக்கு ரசம் வையுங்கள்.

இனி சமையல். பறித்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துக் குழைந்துவிடும், கூடையோ துணிப்பையோதான். புத்துக்காளான் அன்றைக்கே சமைக்க வேண்டிய பொருள், மறுநாள் புழு நெளியும். மண் ஒட்டிய வாலை நறுக்கி எறிந்துவிட்டுக் காம்பைக் கத்தியால் சுரண்டுங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் ஏடுகளுக்குள் இருக்கும் பூச்சி வெளியே வரும். இங்கே மஞ்சளுக்கு அந்த வேலை மட்டும்தான். ஊறவிடாதீர்கள், பஞ்சுபோலத் தண்ணீர் குடித்துவிடும். கத்தி வேண்டாம், கையால் நீளவாக்கில் கிழியுங்கள். காம்பு கோழி நெஞ்சுக்கறிபோல நார் நாராகப் பிரியும்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக. அரைக்கிலோ காளானுக்கு 15 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியானதும் காளானைப் போட்டு உப்புத் தூவினால் சட்டி நிறையத் தண்ணீர் விடும். பயந்து அடுப்பைக் கூட்டாதீர்கள், மூடவும் வேண்டாம். அந்தத் தண்ணீரிலேயே நன்றாக வெந்து, பிறகு அது முழுக்கச் சுண்ட வேண்டும். 20 நிமிடமாவது ஆகும். நல்ல காளானையும் அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வயிறு முரண்டு பிடிக்கும். எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது, வறுத்து இடித்த மிளகும் சீரகமும் கொத்தமல்லியும், கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல். மிளகைத் தூளாக வாங்காமல் அப்போதே இடியுங்கள். ராகிக்களிக்கு இதைவிடத் தொட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறதா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள்.

சமைக்கும் முன் இரண்டு முழுக் காளானை, வாலும் மண்ணுமாக, செய்தித்தாளில் சுற்றித் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள். 3 நாள் கழித்து எறிந்துவிடலாம். ஏதாவது ஆகி டாக்டரிடம் ஓடினால், 'வெள்ளையாக, குடைபோல இருந்தது' என்று சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். முதல் தடவை நீங்கள் சாப்பிடுவதென்றால் ரெண்டு வாய் மட்டும். நல்ல காளானே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லோரும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தை இதற்குக் கோபித்துக்கொள்ளலாம். வண்டி ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று சொல்லிச் சமாளியுங்கள்.

மகனுக்கு இப்போது புத்துக்காளான் வேண்டாம். சின்ன உடம்பில் சின்னத் தவறும் பெரிதாகிவிடும். அவனுக்குக் கடையில் கிடைக்கும் சிப்பிக்காளானோ பால்காளானோ போதும். பால்காளானும் நம் நாட்டுக் காட்டுக்காளானாக இருந்து பண்ணைக்கு வந்ததுதான், ஏ.பி.கே. 2 என்று விற்பது நம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகம். மேலே சொன்ன அதே பக்குவத்தில், மிளகைப் பாதியாகக் குறைத்துச் செய்து கொடுங்கள்.